எழுபதாம் எழுத்துக்குப் பிறகு

ஆரோக்கியத்துறையில் சிலுவை நட்ட குருசடிக்குப் பின்னால் செல்போன் டவர் எழும்பி எட்டு மாதமாகியிருந்த ஒரு புதன்கிழமை காலையில், மீன் வெட்டுகிற மெற்றில்டா ஒரு சூரையின் வயிற்றைக் கீறினாள், குடலோடு கூட ஒரு கையளவு தமிழ் எழுத்துகள் வழுக்கிக்கொண்டு வந்து பலகையில் விழுந்தன, அவள் குடலைக் காகத்துக்கு எறிந்துவிட்டு எழுத்துகளை உப்புத் தண்ணீரில் அலசி, விழுந்த வரிசை கலையாமல் பலகை ஓரத்தில் அடுக்கி, ‘தை மாதம் வருகிறேன், அதற்குள் கிணற்றைத் தூர் வாரிப் போடு’ என்று எழுத்துக்கூட்டி வாசித்து, சரி என்று பதிலும் சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள். மீன் வயிற்றில் என்னவெல்லாமோ இருக்கும். பாசிமணி இருக்கும், பிளாஸ்டிக் மூடி இருக்கும், ஒருமுறை யாரோ ஒரு மனிதரின் மேல்வரிசைப் பல்செட் முழுசாக இருந்தது, அது தன்னுடையது என்று ஊரில் இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆகையால் எழுத்து இருந்ததற்காக யாரும் வாயைப் பிளக்கவில்லை.

மறுநாள் அயிலையில் இருந்தது, அதற்கு மறுநாள் பாரையில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாங்கிப் போன நெய்மீன் துண்டில் ஒரு வீட்டில் ‘பல்வலி இப்போது தேவலை’ என்று குழம்புக்குள்ளேயே மிதந்தது. எழுத்துகள் செல்போனில் தெரிகிற அதே வடிவத்தில், கறுப்பாக, விரல்நகம் பெரிதாக, நனைந்த தோல் மாதிரித் தொளதொளவென்று இருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால், தவறாமல், சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் வந்தது. அதன் தலையில் ஒற்றைப் புள்ளி. அதற்குப் பின் ஒரு ‘க’. அப்புறம்தான் சங்கதி.

அந்த வட்டம் என்னவென்று செல்போன் கடை எட்வினுக்குத்தான் தெரிந்திருந்தது. எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் வளைகுடாவில் அரபிகளின் படகில் மீன் பிடிக்கிறவர்கள். ஒரு தடவை இறங்கினால் நாற்பது நாள் கடல்தான், கரையேறினால்தான் பேச்சு. நடுவில் ஏதாவது தீவின் டவர் இரண்டு நிமிஷம் எட்டினால் ஒரு மெசேஜ் அனுப்பலாம். முன்பெல்லாம் அதைத் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்பினார்கள், வீட்டில் இருப்பவர்களுக்கு அது புரியாமல் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காலைப் பிடிக்க வேண்டியிருந்தது. எட்வின்தான் தமிழ் எழுத்து வருகிற ஃபோனை ஊருக்குள் கொண்டுவந்து இந்தப் பக்கமும் விற்று, வளைகுடா போகிறவர்களிடமும் விற்றான். நல்லது செய்தான் என்றுதான் நானும் நினைத்தேன்.

“மெசேஜ்ங்கது ஒரு வண்டி அக்கா,” என்று அவன் மெற்றில்டாவுக்குச் சொன்னான். “இங்கிலீசு எழுத்து ஒல்லிக்காரன். நூத்தி அறுவது பேரு ஏறலாம். நம்ம எழுத்துக்கு ரெட்டைக்கும் மேல எடம் வேணும். எழுவது ஏறினதும் கதவ அடச்சிருவான்.”

“அதுக்குள்ள ரெண்டு சங்கதி சொல்லலாமே?”

“எங்க சொல்லுதாவ? கொம்புக்கு ஒரு சீட்டு, காலுக்கு ஒரு சீட்டு, தலையில வைக்கிற புள்ளிக்கும் தனி சீட்டு. ஸ்தோத்திரம்ங்கிற ஒத்த வார்த்தையே பதினோரு சீட்ட எடுத்திருது.”

“ஏறாதவிய எங்க போவாவ?”

“அடுத்த வண்டியில வரணும். ரெண்டு வண்டியையும் சேத்துக் கட்டுற ஏற்பாடு அந்தக் கம்பெனிக்காரன்ட்ட இல்ல.” எட்வின் கடைக்கு வெளியே கையைக் காட்டினான். “நடுவுல கடல்தான அக்கா கெடக்கு.”

இப்போது எங்கள் ஊர்க் கூறுகெட்டத்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்கள் கடிதம் எழுதினால் எப்படித் தொடங்குவார்களோ அப்படியேதான் மெசேஜையும் தொடங்கினார்கள். ‘சேசுவுக்கு ஸ்தோத்திரம். அனைவரும் சுகமா? நாங்கள் நலம், நலமறிய ஆவல். நிற்க,’ என்று எழுதிவிட்டுத்தான் சங்கதிக்கே வருவார்கள். சின்னவன் பெரியவன், படித்தவன் படிக்காதவன், எல்லோருக்கும் இதே வரி, ஒரு எழுத்து கூடாது குறையாது, ஞானோபதேசத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்தது. எட்வின் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தான். எழுபதாவது சீட்டில் ‘நிற்க’வின் ‘ற’ ஏறியது, கதவு அடைத்தது. ‘ற’வின் தலைப்புள்ளியும் அதற்கடுத்த ‘க’வும் வெளியே நின்றுவிட்டன. தாங்க எழுத்தில்லாத புள்ளி என்பதால் அதற்கு ஒரு புள்ளிவட்டத்தைக் கொடுத்துக் கடலில் விட்டிருந்தார்கள். ஆக ஊரில் உள்ள அத்தனை ஃபோனிலும் ‘நிற’ என்று முடிகிற அதே முதல் பாதி. மீன் வயிற்றிலோ எல்லாச் சங்கதியும்.

பங்குச் சாமியார் பிரசங்கத்திலேயே சொன்னார், சங்கதியை முதலில் எழுதச் சொல்லுங்கள், ஸ்தோத்திரத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், ஆண்டவர் கோபிக்க மாட்டார் என்று. இரண்டு மாதம் அப்படியும் செய்து பார்த்தார்கள். ‘கிணற்றைத் தூர் வாரு’ என்று ஃபோன் மொட்டையாகக் கத்தியது, மீன் வயிறெல்லாம் ‘சுகமா, சுகமா’ என்று நிறைந்தது, பெண்கள் கொதித்துப் போனார்கள். “கட்டின பெண்டாட்டிய சுகமான்னு ஒரு வார்த்த கேக்காம கிணறு என்னாச்சுன்னு கேக்கான், இவனுக்கு நான் யாரு, கூலிக்காரியா?” என்று செலின் கடற்கரையில் நின்று கேட்டாள். செலினின் ஃபோன் பழையது, அதில் தமிழ் எழுத்தே தெரியாது, வெறும் கட்டங்கள் வரிசையாக நிற்கும், கட்டத்தை எண்ணிப் பார்த்தே புருஷன் என்ன மனநிலையில் இருக்கிறான் என்று அவள் சொல்லிவிடுவாள். அவளுக்கே அவ்வளவு ஆத்திரம். ஆகவே ஆண்கள் பழையபடி ஸ்தோத்திரத்துக்குத் திரும்பினார்கள், சங்கதி பழையபடி கடலுக்குத் திரும்பியது.

மெற்றில்டாவுக்கு முதல் பாதியும் கிடையாது. அவள் புருஷன் வறுவேல் மூன்று வருஷத்துக்கு முன் வளைகுடாவுக்குப் போனவன். ஃபோன் இல்லை, கடிதம் இல்லை, ஏஜெண்டிடம் கேட்டால் படகு மாறிவிட்டான் என்பான், வேறொரு நாள் கேட்டால் அப்படி ஒரு ஆளே தெரியாது என்பான். அவள் தாலியைக் கழற்றவுமில்லை, அதை நம்பவுமில்லை. கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவர்த்தி கொளுத்துகிறபோது அவளும் ஒன்று வாங்குவாள், உயிரோடு இருக்கிறவனுக்குக் கொளுத்திவிட்டால் என்னாவது என்று பயந்து திரும்பக் கொண்டுவந்து அலமாரியில் வைப்பாள். மூன்று மெழுகுவர்த்தி சேர்ந்துவிட்டது. இருக்கிறான் என்றால் காத்திருக்கலாம், இல்லை என்றால் அழலாம், இரண்டுமில்லாமல் ஒரு பெண் எத்தனை நாள் எழுந்து அரிவாளைத் தீட்டுவாள்? அவளுக்கு ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. எந்த வார்த்தை என்பதுகூட இரண்டாம்பட்சம்.

அதனால் அவள் மற்றவர்கள் மாதிரி வெட்டவில்லை. சாளையைக்கூட ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் பார்த்தாள், சூரையின் இரைப்பையைத் திருப்பிப் போட்டு உதறினாள், வாங்க வந்தவர்கள் நேரமாகிறது என்று ஏசினார்கள். ஊரில் கிடைத்த பாதிகளில் முக்கால்வாசி அவள் கையால் எடுத்ததுதான். ஆனால் ஒன்றையும் அவள் வைத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் ஊர்க் கமிட்டி சட்டம் போட்டுவிட்டது.

சட்டம் போட்டவர் கமிட்டிச் செயலாளர் றெய்மண்ட். முதலில் எழுத்து யாருக்குச் சொந்தம் என்று சண்டை வந்தது. மீன் பிடித்தவன் எனக்கு என்றான், ஏலம் எடுத்தவன் எனக்கு என்றான், வெட்டினவள் எனக்கு என்றாள். பிறகு கோயில் மைக்கில் வாசித்தார்கள். மூன்றாம் நாளே ‘அவளை நான் மறந்துவிட்டேன் என்று சத்தியம் செய்கிறேன்’ என்று ஒன்று வந்து, எவளை என்று ஊர் முழுக்க விசாரணை நடந்து, மைக்கை அணைத்தார்கள். கடைசியில் றெய்மண்ட் ஒரு நோட்டுப் போட்டார். யார் வீட்டு ஃபோனில் முதல் பாதி வந்திருக்கிறதோ அவர்கள் அதைக் காட்டிக் கையெழுத்துப் போட்டு ஒரு மறுபாதியை எடுத்துக்கொண்டு போகலாம். முதல் பாதி இல்லாதவர்களுக்கு மறுபாதி இல்லை.

எந்த மறுபாதி யாருக்கு என்று மட்டும் நோட்டில் இல்லை, யாராலும் சொல்ல முடியாது. முதல் பாதி எல்லாம் ஒன்றே. புள்ளிவட்டமும் ‘க’வும் எந்த ஃபோனோடு வைத்துப் பார்த்தாலும் பொருந்தின. ஆகவே முந்தினவளுக்கு நல்லது. பெண்பிள்ளையே இல்லாத ஒருத்தி ‘மூத்தவளை நர்சிங்கில் சேர்த்துவிடு’ என்பதை எடுத்துவிட்டு, புருஷன் சொல்லைத் தட்டக்கூடாது என்று தங்கச்சி மகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். கிணறு இல்லாதவர்கள் கிணறு தோண்டித் தூர் வாரினார்கள். ஆனால் எடுத்துக்கொண்டு போன யாருக்கும் உறக்கம் சரியாக வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நமக்கு வந்தது வேறொருத்தி வீட்டில் கிடக்கிறதோ, அவளுடையதை நாம் தலைமாட்டில் வைத்திருக்கிறோமோ என்று ஒருத்தி வீட்டை ஒருத்தி எட்டிப் பார்த்துக்கொண்டு, காரணமில்லாமல் வாசலைக் கூட்டி, கூட்டின வாசலையே திரும்பக் கூட்டிக்கொண்டு ஊரே ஒரு மாதிரி நிலைகொள்ளாமல் திரிந்தது.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆறு வீட்டு ஃபோன்கள் ஒரே நேரத்தில் ஒலித்தன. ஆறும் ஒரே நம்பரிலிருந்து. எங்கள் ஊர்க்காரர் ஆறு பேர் ஒரே அரபியின் படகில் போயிருந்தார்கள், ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு ஃபோன். ஸ்தோத்திரம், சுகமா, நலம், நலமறிய ஆவல், ‘நிற’. றெய்மண்டின் நோட்டில் ஆறு முதல் பாதி ஏறியது. ஊரில் வேறு யாருக்கும் பாக்கி இல்லை, ஆறு மறுபாதி வர வேண்டும்.

அடுத்த எட்டு நாளில் ஐந்து வந்தன. எல்லாம் நல்லது. ‘கனவில் நீ சிவப்புச் சேலை கட்டியிருந்தாய்’ என்று ஒன்று, அதற்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். செலின் தட்டிப் பறித்து ஓடினாள். ஐந்து பேர் ஐந்தை எடுத்தார்கள். ஆறாவது ஆள் பிறிஜித். அவளுக்கு ஏழாம் மாதம், கடற்கரை மணலில் ஓட முடியாது, அவள் மூச்சு வாங்கி வந்து சேரும்போதெல்லாம் பலகை காலியாக இருந்தது. “எனக்குள்ளது கடைசியில வரும், பெருசா வரும்,” என்று சிரித்துக்கொண்டே திரும்பிப் போனாள்.

பெரிசாகத்தான் வந்தது. ஒன்பதாம் நாள் ஒரு சுறாவின் வயிற்றிலிருந்து மெற்றில்டா அதை எடுத்தாள். புள்ளிவட்டம், ‘க’, அப்புறம் இரண்டு பலகைக்கு நீண்டது. எடுத்து அலசி அடுக்க அடுக்கச் சுற்றி நின்றவர்கள் எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். ‘உங்கள் வீட்டுப் பிள்ளை செவ்வாய்க்கிழமை விடியற்காலை வலை இழுக்கும்போது கடலில் விழுந்துவிட்டான். மூன்று நாள் தேடினோம். கிடைக்கவில்லை. வீட்டுக்காரியிடம் பக்குவமாகச் சொல்லவும்.’

கடிதமாக இருந்தால் ஓரத்தில் கறுப்பு மை தடவியிருப்பார்கள், பிரிக்கும் முன்னேயே நெஞ்சைப் பிடித்துக்கொள்ளலாம். இது சாவுச் செய்திக்கும் நாங்கள் நலம் என்றே தொடங்கியிருந்தது.

அன்று சாயங்காலம் கோயில் மண்டபத்தில் ஊர் கூடியது. எழுத்துகளை ஒரு வாழையிலையில் வைத்திருந்தார்கள். படகு கரை சேர இன்னும் இருபத்தைந்து நாள் இருந்தது. அதுவரை யாரிடமும் கேட்க முடியாது, அந்த நம்பரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எட்வினின் விரல் வீங்கியதுதான் மிச்சம். ஐந்து பெண்களும் தூணுக்குத் தூண் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. சிவப்புச் சேலைக் கனவை முந்தானையில் முடிந்து வைத்திருந்த செலினின் கை அந்த முடிச்சைத் தடவிக்கொண்டே இருந்தது. அது தன் புருஷன் கண்ட கனவுதானா என்று அவளுக்குத் தெரியாது. பறித்துக்கொண்டு ஓடியபோது அது ஒரு விஷயமாகவும் தோன்றியிருக்கவில்லை.

றெய்மண்ட் நோட்டைப் புரட்டினார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் சட்டம் போட்ட ஆளுக்குச் சட்டத்தை விட்டால் வேறு கைப்பிடி கிடையாது. “ஆறுல அஞ்சு பேரு கையெழுத்துப் போட்டாச்சு. மிச்சம் ஒரு பேருதான் இருக்கு,” என்றார். “பிறிஜித்து.”

பிறிஜித் எழுந்திருக்கவில்லை. மாமியார் தோளைப் பிடித்துக்கொண்டு, “எனக்குள்ளதுன்னு எப்பிடி?” என்றாள். “நான் ஓடி வரலங்கதுக்காவ எனக்குள்ளது ஆயிருமா?”

ஐந்து பேரில் ஒருத்தி வாயைத் திறந்து, திரும்ப மூடிக்கொண்டாள். தன் கையில் இருப்பதைத் திருப்பிக் கொடுத்து எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுத் திரும்ப எடுக்கலாம் என்று சொல்ல நினைத்திருப்பாள். சொன்னால் தன் கைக்கும் அது வரக்கூடும். சொல்லவில்லை.

அப்போதுதான் மெற்றில்டா மீன் வாடையோடு எழுந்து நடுவில் வந்தாள். இதை யாராவது தியாகம் கியாகம் என்று சொன்னால் நம்பாதீர்கள். அவள் முகத்தை நான் பார்த்தேன். மூன்று வருஷம் பட்டினி கிடந்தவள் இலையைப் பார்க்கிற மாதிரி அந்த வாழையிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது எனக்குள்ளது,” என்றாள்.

“என்ன பேச்சு பேசுத மெற்றில்டா? ஒன் பேரே நோட்டுல இல்ல,” என்றார் றெய்மண்ட்.

“எழுதுங்க.”

“மொத பாதி வேணும். மொத பாதி எங்க?”

“எனக்கு மொத பாதி மூணு வருசத்துக்கு முந்தியே வந்தாச்சு,” என்றாள் மெற்றில்டா. “நேர்ல சொல்லிட்டுப் போனாரு. நாரோல் பஸ்ஸுல ஒரு கால வச்சிட்டு, திரும்பிப் பாத்து, சேசுவுக்கு ஸ்தோத்திரம், சுகமா இருன்னு சொன்னாரு. பொறவும் என்னமோ சொல்ல வந்தாரு. வண்டி எடுத்துட்டான். அந்த மிச்சம்தான் இது.”

மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், வறுவேல் அந்தப் படகில் இல்லை. எட்வினுக்குத் தெரியும், சாமியாருக்குத் தெரியும், அந்த நம்பரை நோட்டில் எழுதிவைத்த றெய்மண்டுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அவர் சாமியாரைப் பார்த்தார். சாமியார் தரையைப் பார்த்தார். ஐந்து பெண்களும் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார்கள். எங்கள் ஊரில் ஒரு தீர்மானத்துக்கு அவ்வளவு சீக்கிரம் ஒப்புதல் கிடைத்து நான் பார்த்ததில்லை. றெய்மண்ட் நோட்டில் அவள் பெயரை எழுதினார், அவள் கையெழுத்துப் போட்டாள், இலையோடு எழுத்துகளை வாரி நெஞ்சோடு வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை துக்கமணி அடித்தது. உடல் கிடைக்காதவர்களுக்குச் செய்கிற முறைப்படி எல்லாம் செய்தார்கள். ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியில் எழுத்துகளை வரிசை கலையாமல் அடுக்கி, வறுவேலின் ஒரு சட்டையை மடித்து மேலே வைத்து, நடுவீட்டில் கிடத்தினார்கள். அலமாரியில் இருந்த மூன்று மெழுகுவர்த்தியையும் மெற்றில்டா கொளுத்தினாள். பிறகு உட்கார்ந்து, வாய்விட்டு, புருஷன் பேரைச் சொல்லி அழுதாள். மூன்று வருஷத்து அழுகை. ஒப்பாரியில் அவன் நல்லதையும் சொன்னாள், குடித்துவிட்டு வந்து கஞ்சிச் சட்டியை உடைத்ததையும் சொன்னாள்.

அந்த ஐந்து பேரும் வந்தார்கள். வாசலில் நுழையும்போதே செலின் தலையில் அடித்துக்கொண்டு விழுந்தாள், மற்ற நான்கு பேரும் அவள்மேல் விழுந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் அப்படி அழுது யாரும் பார்த்ததில்லை. வாயில் வறுவேல் வறுவேல் என்றுதான் சொன்னார்கள், ஆனால் ஒவ்வொருத்தியும் அவளவள் புருஷனுக்குத்தான் அழுதாள், ஐந்து பேருக்கும் அது தெரியும், மெற்றில்டாவுக்கும் தெரியும். இருபத்து நான்கு நாள் கழித்து அழ வேண்டியவள் யாராக இருந்தாலும் சரி, பாதியை இப்போதே அழுதுவிடலாம் என்பது போல அழுதார்கள். ஆண்கள் தாங்க முடியாமல் வெளியே போய் நின்றார்கள்.

பிறிஜித் எல்லோருக்கும் பின்னால், வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. பெட்டியைப் பார்த்தாள், சட்டைக்கு அடியில் தெரிந்த புள்ளிவட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு கஷ்டப்பட்டுக் குனிந்து மெற்றில்டாவின் காதருகே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள்.

“அக்கா, நெசமாட்டு சொல்லுங்க. இது ஒங்களுக்குள்ளதுதானா?”

மெற்றில்டா ஒப்பாரியை நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த வயிற்றைப் பார்த்தாள்.

“எனக்குள்ளதுதாம் மக்ளே,” என்றாள். “நீ போயி கஞ்சி குடி.”